நேர்த்திக்கடனும் நீண்ட சிகிச்சையும்



குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இப்படிப்பட்டவனுக்குத் தமிழ்த்துறை மேடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கடும் நோயுற்ற குழந்தையின் குடும்பத்தில் துன்பமும் வழிபாடும் என்ற தலைப்பை இந்த அறக்கட்டளையை நிறுவிய பெற்றோரே கொடுத்தார்கள். தயாரிக்க உட்கார்ந்தபோது மருத்துவ நூல்களுக்கு முன்பாகப் பெரியபுராணத்தைத்தான் எடுத்தேன். எங்கள் வார்டில் தினம் நடக்கும் ஒன்று அதில் அப்படியே இருக்கிறது.

திருச்சிக்கு அருகே, கொள்ளிடத்தின் வடகரையில் திருவாசி இருக்கிறது. பழைய பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். அந்தப் பகுதியை ஆண்ட கொல்லிமழவனுடைய மகளுக்கு முயலகன் என்ற நோய். இன்று நாம் வலிப்பு என்று சொல்வதாக இருக்கலாம். என்ன செய்தும் தீரவில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டுவந்து கோயிலில், சாமிக்கு எதிரே கிடத்திவிடுகிறான். வேறு வழி தெரியவில்லை, இனி நீ பார்த்துக்கொள் என்பதுதான் அந்தச் செயலின் பொருள். திருஞானசம்பந்தர் வருகிறார், தரையில் நினைவற்றுக் கிடக்கும் பெண்ணைப் பார்க்கிறார், பதிகம் பாடுகிறார், நோய் நீங்குகிறது. அந்தக் கோயிலில் நடராசர் காலடியில் வழக்கமாகக் கிடக்கும் முயலகன் என்ற அசுரன் கிடையாது, பாம்புதான் இருக்கிறது என்பதை ஊர்க்காரர்கள் இன்றும் காட்டுவார்கள்.

என்னைக் கவர்ந்தது அற்புதம் இல்லை, பதிகம். நோயைத் தீர்த்துவை என்ற கெஞ்சல் அதில் காணோம். பாட்டுக்குப் பாட்டு இறைவனுடைய அழகையும் பெருமையையும் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட நீ இந்தப் பெண்ணை வாடவிடுவது உனக்குத் தகுமா என்று கேட்டு முடிக்கிறார். இது அகத்துறைச் சாயலில் அமைந்தது, காதல் நோயைச் சொல்வதாகவும் படிக்கலாம் என்று இங்கே இருக்கும் பேராசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனாலும் சேக்கிழார் அதை நோயுற்ற ஒரு பெண்ணின் பக்கத்தில் வைத்துப் பாடவைத்தாரே! நோயாளிக் குழந்தைக்காகக் கடவுளிடம் நியாயம் கேட்பது பக்தியில் சேர்ந்ததுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வார்டில் கடவுளைத் திட்டிக்கொண்டே விபூதி பூசும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நம்பிக்கை இழந்தவர்கள் என்று எழுதிவைத்துவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிர்முனையில் மணிமேகலை. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் கோதமை என்றொரு தாய். கண்ணில்லாதவள், கணவனுக்கும் கண்ணில்லை. மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து, வீட்டுக்கு ஓடிவந்து உயிர்விடுகிறான். அவள் மகனுடைய உடலைச் சுமந்துபோய்ச் சம்பாபதித் தெய்வத்தின் முன் நிற்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைக் கொடு என்கிறாள். வினைப்படி போன உயிரைத் திருப்ப முடியாது என்கிறது தெய்வம். தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறை சொல்கிறதே, தராவிட்டால் இப்போதே சாவேன் என்கிறாள் தாய். அப்போது சம்பாபதி செய்வதைக் கவனியுங்கள். சக்கரவாளத்துத் தேவர்கள் அத்தனை பேரையும் வரவழைத்து, இவர்களில் யாராலாவது முடியுமா, நீயே கேட்டுப்பார் என்கிறாள். ஒருவராலும் முடியவில்லை. மகனை ஈமத்தில் வைத்துத் தானும் உயிர் விடுகிறாள் கோதமை.

பௌத்தக் காப்பியம், ஆகவே வினைக்கோட்பாட்டை நிறுவுகிறது என்று வகுப்பில் முடித்துவிடலாம். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். சம்பாபதி அந்தத் தாயைப் பார்த்து, நீ என்ன பாவம் செய்தாயோ என்று கேட்கவில்லை. தன்னால் முடியாது என்பதை ஒளிக்கவில்லை. மறுகருத்துக் கேட்டுக்கொள் என்று வாசலையும் திறந்துவிடுகிறாள். கைவிரிக்க வேண்டிய நாளில் ஒரு மருத்துவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் படித்ததில்லை.

இந்த இரண்டு கதைகளிலும் பெற்றோர் தெய்வத்தோடு நேரடியாகப் பேசுகிறார்கள். ஊடே புகுந்து விளக்கம் சொல்லும் அண்டை அயலார் இல்லை. வார்டில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் ஆப்பிளோடும் ஹார்லிக்ஸோடும் வருவார்கள். "போன ஜென்மத்துல என்ன செஞ்சோமோ." "மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்தியா?" "குலசாமிக்கு எத்தனை வருஷமா பொங்கல் வைக்கல?" கொஞ்சம் படித்தவர்கள் என்றால், "தாங்குறவங்களுக்குத்தான் ஆண்டவன் குடுப்பான்." கடைசியாகச் சொன்னது ஆறுதல் போலத் தெரிந்தாலும் அதிலும் ஒரு முள் இருக்கிறது: நான் இவ்வளவு திடமாக இல்லாமலிருந்தால் என் பிள்ளை தப்பித்திருக்குமோ?

ஏன் என்ற கேள்விக்குத் தத்துவ விடை தேடும் பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. தேடுகிறவர்கள் வந்துபோகிறவர்கள்தான். காரணம் தெரிந்துவிட்டால் தங்கள் வீட்டுக்கு அது வராது என்ற தெம்போடு பஸ் ஏறலாம். அந்த விடையின் பாரம் பெரும்பாலும் அம்மா தலையில் இறங்கும். அப்பாவின் ஜாதகத்தை யாரும் அத்தனை சீக்கிரம் எடுப்பதில்லை. ஆகவே நோய் உறுதியான முதல் நாளே, மாமியாரையும் நாத்தனாரையும் உட்காரவைத்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும்: எலும்பு மஜ்ஜையில் ஒரு அணு தறிகெட்டுப் பெருகுகிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதனால் என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது, அம்மா சாப்பிட்டதாலும் சாப்பிடாததாலும் வந்ததில்லை. என் கணக்கில் இதுவும் சிகிச்சையில் சேர்ந்தது. மருந்துச் சீட்டில் மட்டும் எழுத முடியாது.

ஹெரால்டு குஷ்னர் என்ற அமெரிக்க யூத மதகுருவின் மகனுக்குப் புரோஜீரியா. சிறு வயதிலேயே உடல் முதுமையடைந்துவிடும் அரிய நோய். பையன் பதினான்கு வயதில் இறந்தான். 1981இல் குஷ்னர் எழுதிய நூல், நல்லவர்களுக்கு ஏன் தீமை வருகிறது என்பதைப் பற்றியது, உலகெங்கும் விற்றது. கடவுள் எல்லாம் வல்லவர் என்பதை விட்டுக்கொடுக்கிறேன், நல்லவர் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். நம் ஊர் அம்மாக்களுக்கு இந்தப் பேரம் வேண்டியிருப்பதில்லை. மாரியம்மன் முத்துப் போடுகிறவளும் அவளே, இறக்குகிறவளும் அவளே. கோபமும் கருணையும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அவர்கள் கேட்பது, "இப்ப நான் என்ன செய்யணும்?"

அதற்கு நம் மரபு வைத்திருக்கும் விடைதான் வேண்டுதல். மஞ்சள் துணியில் காசு முடிவது, சமயபுரத்துக்குக் கரும்புத் தொட்டில், வைத்தீசுவரன் கோயிலில் குளத்தில் வெல்லம் கரைப்பதும் திருச்சாந்துருண்டையும், வேளாங்கண்ணிக்கு வெள்ளியில் உறுப்பு, நாகூரில் ஓதிய தண்ணீர். முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், பிச்சை என்று பெயர் வைப்பார்கள். எமன் கண்ணில் பெறுமதி இல்லாத பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற தந்திரம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளுகிறவர்கள், ஊசி போடத் தெரியாத, மருந்தின் பெயர் வாயில் நுழையாத ஒருத்தி, ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தைக்காகத் தன் கையால் செய்ய ஒரு வேலையை அவளுக்கு வேண்டுதல் கொடுக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. என் பேச்சின் மையம் அதுதான். நம் நேர்த்திக்கடன்கள் உருவானது அம்மை, பேதி, விஷக்காய்ச்சல் காலத்தில். அந்த நோய்களுக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆயுள். அதற்குள் பிள்ளை பிழைக்கும், அல்லது போய்விடும். பிழைத்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலுக்குப் போய்க் கடனைக் கழித்துவிட்டு வருவார்கள். வேண்டுதலின் கடிகாரம் அந்தக் கணக்கில் ஓடுவது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாகக் காண்பது ஏ.எல்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய். இதன் சிகிச்சை இரண்டரை ஆண்டு, சில சமயம் மூன்று. முதல் நான்கைந்து வாரம் கடுமையான கீமோ, முதுகில் ஊசி, ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்குவது, காய்ச்சல், பிளேட்லெட்டுக்கு அலைச்சல். அந்த மாதம் தாண்டியதும் பெரும்பாலான பிள்ளைகளின் மஜ்ஜையில் நுண்ணோக்கிக்குத் தெரிகிற புற்றணு இருக்காது. முகம் தெளிந்துவிடும், பிள்ளை ஓடி விளையாடும், சோறு கேட்கும். உண்மையில் கண்ணுக்குத் தப்பிய அணுக்கள் இன்னும் கோடிக்கணக்கில் உள்ளே இருக்கின்றன. அவற்றைத் துடைத்தெடுக்கத்தான் மீதி இரண்டு ஆண்டும்.

குடும்பத்தின் கண்ணில் என்ன தெரிகிறது? வேண்டிக்கொண்டோம், ஒரே மாதத்தில் சாமி கண் திறந்துவிட்டது. கடனைச் செலுத்தியாகிவிட்டது. இனி எதற்கு ஆஸ்பத்திரி? கையில் காசும் தீர்ந்திருக்கும், அப்பாவின் வேலை போயிருக்கும், பாட்டி வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் இருக்கும். இவ்வளவும் சேர்ந்து இழுக்கும்போது கோயிலில் கிடைத்த நிம்மதி ஒரு நல்ல காரணமாகிவிடுகிறது. சிகிச்சையைப் பாதியில் விடுவதால் நம் நாட்டில் பறிபோகும் பிள்ளைகள் பலர். ஆறு மாதம் கழித்து நோய் திரும்பிய பிள்ளையோடு அதே தாய் வந்து நிற்கும்போது, நோயோடு கூட இன்னொன்றும் வந்திருக்கும்: சாமி ஏமாற்றிவிட்டது, அல்லது நாம் சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்ற நினைப்பு. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் துன்பத்தில் சமயம் துணையாவதையும் சமயமே வதையாவதையும் பிரித்துக் காட்டியவர். கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் வேரூன்றினால் மனமும் உடலும் சேர்ந்து சரிகின்றன என்பது அவர் வழியில் வந்தவர்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

மரணம் உறுதியாக இருந்த காலத்தில் நம்பிக்கையின் வேலை தாங்கவைப்பது. இப்போது அதன் வேலை மாறிவிட்டது. செல்வ நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்நோய் வருகிறது. 2030க்குள் 60 சதவீதமாவது பிழைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. மருந்து இருக்கிறது, தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இரண்டரை ஆண்டு மனம் தளராமல் வந்துபோக வேண்டும். பக்தி அதற்கு உதவுமா, குறுக்கே நிற்குமா என்பது நாம் அதனோடு பேசுகிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது.

பேசினால் என்ன ஆகும் என்பதற்குச் சமயபுரத்தைச் சொல்கிறேன். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அந்த அம்மன் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்கள் தனக்காக இருப்பது போதாதென்று, பக்தர்களுக்காகத் தெய்வமே துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் மட்டும் ஏற்றுக்கொண்டு இருக்கும் விரதம். மாத்திரைகளை நிறுத்தப்போவதாகச் சொன்ன ஒரு தாயிடம் எங்கள் வார்டு சிஸ்டர், அவரும் லால்குடிப் பக்கத்துக்காரர், இதைத்தான் எடுத்தார். "ஆத்தா ஒரே நாள்ல முடிச்சுக்குறாளா? நாள் கணக்கு வச்சுத்தானே இருக்கா? உம் புள்ளைக்கு நாள் கணக்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான்." அந்த அம்மா கடைசி மாத்திரை முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, தொட்டில் வேண்டுதலை அந்த நாளுக்குத் தள்ளிவைத்தார். ஒரு சொல்லும் விஞ்ஞானத்துக்கு முரணாகப் பேசப்படவில்லை, ஒரு சொல்லும் அம்மனுக்கு எதிராகவும் பேசப்படவில்லை.

இப்படிச் சின்னச் சின்னதாக எவ்வளவோ. ரத்த அணுக்கள் இறங்கிய வாரத்தில் கூட்டமான திருவிழா ஆகாது; கவுண்ட் ஏறிய வாரத்தில் தாராளமாகப் போய்வரலாம், தேதியை முன்கூட்டிச் சொன்னால் கீமோவையே இரண்டு நாள் நகர்த்தலாம். கோயில் தீர்த்தத்தைக் குடிக்கக் கொடுக்காமல் நெற்றியில் தொட்டுவைக்கலாம். ஒரு பாட்டி, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, அதைத் தர்காவுக்குக் கொடுத்தனுப்பி, ஓதி வாங்கிக்கொண்டார். டாக்டர் யாரும் சொல்லிக்கொடுக்காத தீர்வு அது. ஸ்கேனுக்காகக் கழற்றிய தாயத்தைக் குப்பைத்தொட்டிப் பக்கம் வைக்காமல், பிள்ளை திரும்பும்வரை கையில் வைத்திருந்து கொடுக்கும் ஊழியரை அந்தக் குடும்பம் என்றைக்கும் மறக்காது. அப்பாக்கள் மாலை போடுகிறார்கள், குடி நிற்கிறது. இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. அம்மாக்கள் செவ்வாயும் வெள்ளியும் பட்டினி கிடந்து கட்டிலோரம் மயங்கிவிழுவதில்தான் ஆட்சேபம்.

முடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீமோவில் முடி கொட்டும். வேறு நாடுகளில் மொட்டைத்தலைக் குழந்தையைப் பார்த்ததும் நோய் என்று தெரிந்துவிடும், தொப்பி வாங்கிப் போடுகிறார்கள். இங்கே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "பழனியா, திருப்பதியா?" என்று கேட்பார். பல அம்மாக்கள் "பழனி" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்கள். ஆறுமுகத்தின் தயவில் அந்தக் குழந்தை ஒரு மணி நேரம் நோயாளியாக இல்லாமல் பயணம் செய்கிறது. பழனிக்கென்று வேண்டி வளர்த்த முடியே ஆஸ்பத்திரித் தலையணையில் உதிர்ந்துபோனால்? அதைப் பொறுக்கித் துணியில் கட்டிவைத்த பாட்டியும் உண்டு, தன் முடியை இறக்கிக்கொண்ட தாயும் உண்டு.

கீமோ மருந்துகளைப் பற்றிப் பேசும்போது, அவை வந்த கதையில் எல்லாப்பிரகட சுப்பாராவைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பீமவரத்தில் பிறந்து, சென்னையில் படித்தவர். துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேரவேண்டும் என்று நினைத்தவர், மருத்துவம் படிக்கப் போனார். குடலை அரிக்கும் ஸ்ப்ரூ நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தார். அந்த நோயோடு தொடர்புடைய ஃபோலிக் அமிலத்தை ஆராயப்போய், அமெரிக்காவில் அவர் வழிநடத்திய குழு அந்த அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் மருந்துகளையும் உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் 16 பேருக்குக் கொடுத்து, 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948 ஜூனில் எழுதினார். தற்காலிக முன்னேற்றம்தான். ஆனால் அதுவரை வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும் நோய் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அந்த மருந்தின் உறவான மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் வாரம் ஒரு நாள் விழுங்குகிறார்கள். சந்நியாசியாகப் போகாத அவருடைய தவம் வார்டு மருந்து டப்பாவில் இருக்கிறது என்று நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு. சிலருக்குப் பிடிக்கும்.

பெற்றோரையே பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்? மைரா புளூபாண்ட் லாங்னர் என்ற மானிடவியலாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு பழகி 1978இல் ஒரு நூல் எழுதினார். யாரும் சொல்லாமலேயே அந்தச் சிறு குழந்தைகளுக்குத் தாங்கள் சாகப்போவது தெரிந்திருந்தது. பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று தெரியாததுபோல இருந்தார்கள். பெற்றோரும் அப்படியே. நம் வார்டிலும் இந்த நாடகம் நடக்கிறது, சாமிப் பெயரில் நடக்கிறது. "சாமி சரி பண்ணிடும்டா கண்ணு" என்று அம்மா சொல்லும்போது தலையாட்டிவிட்டு, ராத்திரி டியூட்டி சிஸ்டரிடம், "அக்கா, அம்மா தனியா பஸ்ல ஊருக்குப் போகுமா?" என்று கேட்கும் பிள்ளையிடம் என்ன பொய்யைச் சொல்வது? செவிலியர் மாணவிகளுக்காக இதைச் சொல்கிறேன். இந்தக் கேள்விகள் உங்களிடம்தான் வரும், எங்களிடம் வராது. விடை வேண்டாம். ஏன் கேக்குற என்று உட்கார்ந்து கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. அப்போது நேர்த்திக்கடன் என்ன ஆகிறது? முடிந்துவைத்த காசை என்ன செய்வது? நம் சமயமரபு இங்கே வாயடைத்துப்போகிறது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக இத்தனை சடங்குகளை வைத்திருக்கும் நாம், இறந்த பிள்ளைக்காக ஏறக்குறைய ஒன்றும் வைத்திருக்கவில்லை. சிறு பிள்ளையை இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் எரிப்பதில்லை, புதைத்துவிடுகிறார்கள். பல சாதிகளில் பதினாறாம் நாள் காரியம் கிடையாது, திதி கிடையாது. அம்மாவை இடுகாட்டுக்கு விடுவதில்லை. பத்தே நாளில், இன்னொன்று பெத்துக்கோ என்று பேச்சு வந்துவிடும். பாவமறியாத பிள்ளைக்குக் கரையேற்றும் சடங்கு தேவையில்லை என்று சாத்திரம் நினைத்திருக்கலாம். பிள்ளைக்குத் தேவையில்லை, சரி. பெற்றவர்களுக்கு?

அவர்களாகவே எதையாவது கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இறந்த நாளில் வார்டுக்கு வந்து சோறு போடுகிறார்கள். பிள்ளையின் ரத்தவகைக்காரர்களைக் கூட்டிவந்து பிளேட்லெட் கொடுக்கிறார்கள். முடிந்த காசை அடுத்த கட்டில் பிள்ளையின் பஸ் செலவுக்குத் தருகிறார்கள். ஒரு தந்தை, பிள்ளை போனபிறகும் பழனிக்கு நடந்துபோய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். "நான் சொன்ன வார்த்தை சார், முருகன் செஞ்சாலும் செய்யாட்டியும்" என்றார். சிலர் அறக்கட்டளை நிறுவுகிறார்கள். முன்வரிசையில் இருக்கும் உங்கள் இருவரையும் சங்கடப்படுத்த இதைச் சொல்லவில்லை.

தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஒப்பாரிகளைத் தொகுத்திருக்கிறீர்கள், தாலாட்டுகளைத் தொகுத்திருக்கிறீர்கள். இறந்த குழந்தைக்காகத் தாய்மார் பாடுவது என்ன, பாடவே விடுகிறார்களா, புதைத்த இடத்தில் என்ன நடுகிறார்கள், செலுத்தாத வேண்டுதலை எந்தெந்த ஊரில் எப்படித் தீர்க்கிறார்கள் என்று உங்கள் முனைவர்பட்ட மாணவர்களில் ஒருவராவது மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கேட்டு எழுதவேண்டும். கேட்டதை எங்கள் வார்டுக்கும் ஒரு படி அனுப்புங்கள். "டாக்டர், வேண்டிக்கிட்டதை இப்ப என்ன செய்யட்டும்?" என்று யாராவது அங்கே கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவருக்குச் சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும்.